ராசாவே, ஒரு சந்தேகம்

பாப்பா, தம்பி, ரெண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். முதலில் ஒரு பொய்யைச் சரிசெய்துவிட வேண்டும்.

போன மாசம் பாப்பாவின் அறைக் கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றினேன். துருப்பிடித்துவிட்டது, புதுசு வாங்கி மாட்டுகிறேன் என்று சொன்னேன். அதில் துரு இல்லை. பதினேழு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று தெரியாதா? பாப்பா, உனக்கும் தெரிந்திருக்கும். நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாளும் அதன் நாலு ஸ்க்ரூவும் அன்றிலிருந்து என் ஷிஃப்ட் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கின்றன. நடக்கும்போதெல்லாம் சத்தம் போடுகின்றன.

அன்றைக்கு நீ பாடத்தில் வந்த பழைய நாடகம் ஒன்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். எல்லாவற்றையும் இழந்தவன் ஒருவன், இனி எனக்கு உயிர் எதற்கு என்று சொல்லிவிட்டு ரெண்டு பக்கத்துக்குப் பேசுகிறான். தம்பி சிரித்தான். "சாவப் போறவன் இவ்ளோ நேரம் பேசுவானா?" என்றான். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "யாராச்சும் வேணாம்னு சொல்ற வரைக்கும் பேசுவான். யாரும் சொல்லலன்னா நிறுத்திடுவான்."

அரையாண்டு மார்க் வந்த நாளிலிருந்து நீ தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோகிறாய். எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் அம்மாவை உன் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அதோடு என் யோசனை தீர்ந்துபோயிற்று.

நான் பத்தாவது முடித்து ஐடிஐ போனவன். இந்த மாதிரி விஷயத்தை எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒருதடவை, என் பதினோராவது வயசில், ஒருவர் பேசியதைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் நாலு வரி, கேன்டீனில் நாலு வரி. எழுத்துக் கோணலாக இருந்தால் பஸ் பிள்ளைப்பாக்கம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ வரிசை பார்த்துக்கொண்டு, "ஒரகடம் ஒரகடம் ஒரகடம்" என்று மூணு பிளாட்பாரத்துக்கும் கேட்கிற மாதிரி கூவுவாரே, வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிற தாத்தா, அவர் என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமா. இது அவர் கதை. எழுதலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா கிரீடம் எவ்ளோ கனம்னும் எழுது. இப்ப கீற பசங்க அட்டையில வெச்சிக்கினு ஆடறானுங்க" என்றார். கிரீடம் ரொம்பக் கனம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தது. சொல்லிவிட்டேன் மாமா.

வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், அந்தக் கோடையில் யாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஏரி வற்றிக் கிடந்தது. கம்பெனி வரப்போகிற நிலங்களை மேடாக்க, ஏரியிலிருந்து மண் அள்ளிக்கொண்டு லாரிகள் நாள் முழுக்க ஓடின. குழம்பில் மண், தலையணையில் மண். நிலம் பார்க்கிற புரோக்கர்கள் வண்டியை அணைக்காமலேயே பேசிவிட்டுப் போவார்கள். நாய்கூட லாரியைத் துரத்தி ஓய்ந்துபோய், படுக்க இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மன் திருவிழாவின் கடைசி நாள் கூத்து எங்கள் ஊரில் பகலில்தான் நடக்கும். உச்சி வெயில் சாய்ந்ததும் ஏரிக்கரையில் ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் முடியும். கதை ஒன்றுதான், எல்லா வருஷமும் அதேதான். ஒரு ராசா. கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லி மதகைத் திறக்க வைத்துவிடுகிறான். வெள்ளத்தில் கீழே இருந்த ஊர் போகிறது, அந்த ஊரில் கட்டிக்கொடுத்த அவன் மகளும் போகிறாள். அப்புறம் அவன் நெருப்பில் இறங்கப் போகிறான்.

அங்கேதான் கட்டியக்காரன் வருவான். கூத்தில் கோமாளி அவன்தான். ராசா பாடுவான்: "அடி வைக்கிறேன் அக்கினிக்கு, ஆரு தடுப்பார் என்னை?" கட்டியக்காரன் குல்லாவைக் கழற்றிக் கும்பிட்டுச் சொல்வான்: "ஆருமில்ல ராசாவே. போறதுக்கு முன்ன ஒரு சந்தேகம்." இதற்குத் தடுப்பு என்று பேர். கட்டியக்காரன் ஒரு கேள்வி கேட்டால் ராசா பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அடி எடுத்து வைக்கக் கூடாது. பதில் சொன்னால் ஓர் அடி. அந்தப் பக்கம் டீக்கடை உண்டா, உன் குதிரைக்கு நாளைக்கு யார் புல் போடுவது, உன் மகள் நடக்கப் பழகினபோது எந்தக் காலை முதலில் வைத்தாள்? சில கேள்விக்கு ஜனங்கள் சிரிப்பார்கள், சில கேள்விக்குப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். பொழுது சாயும்வரை கேள்வி வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கேள்வி தீர்ந்துவிட்டால் கட்டியக்காரனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. கடைசியில் ராசா திரைக்குப் பின்னால் போவான், புகை எழும்பும். அதற்கப்புறம் யாரும் பேசாமல் வீட்டுக்குப் போவோம்.

மூணு வருஷமாக ராசா என் மாமா. கட்டியக்காரன் என் அப்பா. அதாவது, நம் வீட்டுச் சுவரில் படமாக இருக்கிற உங்கள் தாத்தா. படத்தில் எப்படி முறைத்துக்கொண்டிருக்கிறாரோ, வீட்டிலும் அப்படித்தான். வேஷம் போட்டால்தான் அவருக்கு வாய் வரும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து மாமாவுக்குக் கை போயிற்று. தகடு அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. டபுள் ஷிஃப்ட்டின் முடிவில், ஒரு கண் சிமிட்டுகிற நேரம். நாலு விரல். வயசு இருபத்திநாலு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், அவருக்கு வேறு வீடு இல்லை. பேசிவைத்திருந்த பெண் வீட்டார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை.

மாமா நடக்க ஆரம்பித்தார். வாசலிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வாசல். விடிந்ததிலிருந்து நடப்பார். என் அம்மா பழைய நீல ரவிக்கையை வெட்டி அந்தக் கைக்கு ஓர் உறை தைத்துக்கொடுத்தாள், பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று. மாமா உறையோடு நடப்பார். திடீரென்று நின்று, கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிற மாதிரி உதறுவார். ஒருநாள் உறைக்கு வெளியே, ஒன்றுமில்லாத இடத்தில், இடது கையால் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"யாராண்டயும் சொல்லாத. புத்தி கலங்கிப் போச்சின்னு பேசுவாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் யாரிடமோ மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், பொழச்சிருக்கவே கூடாது என்று. அது அம்மா காதுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீடு ஒரு மாதிரி ஆயிற்று. கொடிக்கயிறு காணாமல் போயிற்று, ஈரத் துணியெல்லாம் வேலி மேல். அரிவாள்மனை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா கத்திரிக்காயை முறத்தில் எடுத்துக்கொண்டுபோய் அங்கே நறுக்கிக்கொண்டு வருவாள். வயலுக்கு அடிக்கிற மருந்து எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதையெல்லாம் அம்மா செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். அவள் செய்யாதது ஒன்றுதான். மாமாவிடம் அவள் கேட்கவில்லை. "கேட்டா ஞாபகம் வந்துரும்" என்றாள், அவருக்கு அது மறந்துபோயிருந்த மாதிரி.

எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. மாமா பின்னாலேயே போக வேண்டும், போவது தெரியக் கூடாது. அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. முதல் நாளே தெரிந்துவிட்டது.

"இன்னாடா, எனக்கு வாலு மொளச்சிடுச்சா?"

"இல்ல மாமா. சும்மா."

"உங்கம்மா துணி காய வெக்கற கயித்தக்கூடக் காணோம். ஊருக்குள்ள கயித்துத் திருடன் பூந்துட்டானா?"

அவர் சிரித்தார், மறுபடி நடந்தார். எல்லாம் தெரிந்த மனுஷனுக்கு முன்னால் நாங்கள் மூணு மாசம் ஒன்றும் தெரியாத மாதிரி ஆடினோம். அதுதான் அந்த வருஷத்துக் கூத்து. எங்களுக்கு வேஷம் சரியாகப் பொருந்தவில்லை.

திருவிழாவுக்குக் காப்பு கட்டினதும், கோயில் முன்னால் ஊர்த் தலைவரும் கூத்து வாத்தியாரும் பேசியதை நான் கூட நின்று கேட்டேன்.

"வாத்தியாரே, இந்த வருசம் ராசா சாவ வாணாம்."

"சாவாம அப்புறம் இன்னா பண்ணுவான்?"

"வூட்டுக்குப் போவட்டும்."

"எந்த வூட்டுக்கு? அதான் வெள்ளத்துல போச்சே!"

"யோவ், அம்மன் வந்து எல்லாத்தயும் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு ஒரு பாட்டு கட்டுய்யா. அந்தக் கை போன புள்ள முன்னால குந்திக்கினு பாக்கப் போவுது. ராசா நெருப்புல எறங்கறதப் பாத்தா அது மனசு இன்னாத்துக்கு ஆவும்?"

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல மனசுதான், இன்றைக்கும் சொல்கிறேன். ஒரு பையனுக்காக ஓர் ஊர் தன் கதையையே மாற்றிக்கொண்டது. எத்தனை ஊர் செய்யும்?

என் அப்பா மட்டும் கேட்டார்: "தடுப்பு?"

"ராசா சாவலன்னா தடுக்கறதுக்கு இன்னா கீது?"

"அப்ப எனக்கு வேலையில்ல."

அவர் கோமாளி ஆயிற்றே, எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. "என் தம்பி உசுரு உனக்கு வெளாட்டா? உன் வேஷம் போவுதேன்னு வயித்தெரிச்சல் உனக்கு" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். வேஷம் இல்லாத வாய், ஒன்றும் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார். நானும் அம்மா பக்கம்தான். கைதட்டலுக்காக ஓர் ஆளைச் சாகவிடப் பார்க்கிறார் என்று நினைத்து, அன்று அவருக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

கடைசி நாள். ராசா வேஷம் மோட்டார் ரிப்பேர் செய்கிற அண்ணனுக்கு. கிரீடம் அவர் காதுவரை இறங்கியது. மாமா முன்வரிசையில் நீல உறையோடு, பக்கத்தில் நான். அப்பா பாதி முகம் வெள்ளை, பாதி முகம் சிவப்பு, காலில் சலங்கை. வாசல் காப்பதும் ராசா வருகிறார் பராக் சொல்வதும் மட்டும்தான் அவருக்கு. ராசா "இனி எனக்கு உயிர் எதற்கு" என்று ஆரம்பிக்கிற இடம் வந்தது. ஆரம்பிக்கவில்லை. அம்மன் வேஷக்காரர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடுதிப்பென்று வந்தார், செத்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், மங்களம் பாடிவிட்டார்கள். வெயில் இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்தது.

"அவ்ளோதானா?" என்றார் பின்னால் ஒருவர்.

"நாம அழுவறதுக்கு வந்தா, கையத் தட்டச் சொல்றானுங்களே" என்றாள் ஒருத்தி.

மாமா என்னைப் பார்த்துத் திரும்பினார். "இன்னாடா இது? தடுப்பு எங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனை நாள்தான் ரகசியத்தை வைத்துக்கொள்வது? "உனக்காகத்தான் மாமா மாத்திட்டாங்க. நீ பாத்தா கஷ்டப்படுவன்னு."

அவர் முகம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "அப்ப ஊருக்கே தெரியும்" என்றார் மெதுவாக. "அத்தினி பேருக்கும் தெரிஞ்சிக்கினு, ஒருத்தருகூட என்னாண்ட வந்து கேக்கல." எழுந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையிலிருந்து இறங்கி, காய்ந்த ஏரிக்குள் நடந்தார். அந்தப் பக்கம்தான் லாரிகள் மண் அள்ளின பள்ளம். ஊற்றுத் தண்ணீர் நின்று பச்சையாக இருக்கும்.

நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். "அப்பா, மாமா ஏரிக்குள்ள போவுது. நான் சொல்லிட்டேம்பா."

அப்பா என்னைத் திட்டவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. அப்படியே ஓடினார், சலங்கை ஜல் ஜல்லென்று. பின்னால் நான். லாரி டயர் பதிந்து காய்ந்த தடத்தில் கால் இடறி இடறி ஓடினோம். மாமா ரொம்ப தூரம் போயிருந்தார்.

"ராசாவே!"

அவர் நிற்கவில்லை.

"ராசாவே! போறதுக்கு முன்ன ஒரு சந்தேகம்!"

தூக்கிய காலை அவர் அப்படியே வைத்திருந்தார். நான் கண்ணால் பார்த்தேன். மூணு வருஷம் பழகின கால். பதில் சொல்லாமல் அதற்கு அடி வைக்கத் தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே காலை வைத்தார். திரும்பவில்லை.

"நான் ராசா இல்ல மாமா" என்றார். அவர் என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "ராசா அங்க கைதட்டு வாங்கிக்கினு கீறான்."

"கிரீடம் இல்லாம அடையாளம் தெரில. அதான் சந்தேகம் கேக்கறேன்." அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. "செருப்பு புச்சா கீதே, அத இன்னா பண்ணப் போற?"

"நீ எடுத்துக்கோ."

"உன் காலு ஒம்போது, என் காலு ஆறு. இந்தப் பதிலு செல்லாது. அடி வெக்கக் கூடாது."

மாமா குனிந்து செருப்பைப் பார்த்தார். அடி வைக்கவில்லை. அப்பா அவரைச் சுற்றிக்கொண்டு போய், பள்ளத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். குல்லாவைக் கழற்றினார். கோமாளிக் குரல் போய்விட்டது. வீட்டில் "சோறு போடு" என்று சொல்கிற குரல் வந்தது.

"மச்சான். சாவலாம்னு கீறியா?"

பசங்களா, மூணு மாசமாக எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்காத வார்த்தை அது. வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன். மாமா கோபப்படுவார், ஓடுவார் என்று நினைத்தேன். அவர் தோள் ரெண்டும் கீழே இறங்கின. மூட்டையை இறக்கி வைத்தவன் தோள் மாதிரி.

"ஆமா மாமா."

"எத்தினி நாளா?"

"ஆஸ்பத்திரிலருந்தே."

"இப்பவுமா?"

"இப்ப..." அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நீ கேக்கறதால தெரில மாமா."

"சரி. எங்க வலிக்குது?"

இதையும் யாரும் கேட்டதில்லை. மாமா உறையைப் பிடுங்கி வீசினார். அந்தக் கையை நான் முதல்தடவை அப்போதுதான் வெயிலில் பார்த்தேன். "இல்லாத வெரலு வலிக்குது மாமா. மோதர வெரலு. மடங்கிப் போயி உள்ளங்கையக் குத்துது. நிமித்தலாம்னு பாத்தா வெரலு இல்ல. தூங்க உடமாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கினு வருது. அக்காவாண்ட சொன்னா அழுவும்."

அப்பா அந்தக் கையை ரெண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பாதி வெள்ளை பாதி சிவப்பு முகத்தோடு கேட்டார்:

"அந்த வெரலு எங்க கீது இப்ப?"

"கம்பெனில எங்கியோ."

"உன்ன உட்டுப் போயி மூணு மாசம் ஆவுது. நல்லா கீறியா, துன்னியான்னு ஒரு லெட்டரு போடல. வலிக்குதுன்னு மட்டும் சேதி அனுப்பிக்கினு கீதா? இன்னா வெரலுய்யா அது! நம்ம சொந்தக்காரன் மாதிரியே கீது!"

மாமா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் உடைந்தது. மேடையில் அவர் அழுவதை மூணு வருஷம் பார்த்திருக்கிறேன், அது அழகாக இருக்கும். இது அப்படி இல்லை. மூக்கு ஒழுகிற்று. தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் சலங்கையோடு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார்கள். அப்புறமும் கேள்விதான். கூத்தில் கட்டியக்காரன் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடி பின்வாங்குவான். இங்கே அப்பா ஓர் அடி முன்னால் வந்தார், மாமா ஓர் அடி ஊர்ப்பக்கம் பின்வாங்கினார். என்னென்ன கேட்டார் என்று எல்லாம் ஞாபகமில்லை. கடைசியாக எந்தச் சாப்பாடு ருசியாக இருந்தது? அந்தப் பெண் வீட்டார் கொண்டுவந்த பழம் காய்வெட்டா, பழுத்ததா? இடது கையால் பல் தேய்க்க எத்தனை நாள் ஆயிற்று?

"கேள்வி தீந்துட்டா இன்னா பண்ணுவ மாமா?" என்று மாமா கேட்டார்.

"நாளைக்கு கேக்கறதுக்கும் கொஞ்சம் வெச்சிக்கினு கீறேன். தீந்தா இன்னான்னு நாளைக்கு சொல்றேன்."

கரை ஏறும்போது விளக்கு வைத்திருந்தார்கள். ஊர் மொத்தமும் கரையில் நின்றிருந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை.

மறுநாள் அப்பா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இல்லாத விரல் வலிப்பது உண்டு, அது பைத்தியம் இல்லை, பிரஸ் வேலைக்காரர்கள் நிறைய பேர் இதே வலியோடு வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரை கொடுத்தார். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடமும் அனுப்பினார். மாமா போனார். "நான் மட்டும் இல்லையாம்டா" என்று என்னிடம் ரெண்டுதடவை சொன்னார்.

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு பொய். தினமும் காலையில் கிணற்றடியில் அப்பா கேட்பார், சாதாரணமாக, சோப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி: "இன்னிக்கு அந்த நெனப்பு கீதா மச்சான்?" சில நாள் "கீது" என்பார். அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகமாட்டார். சில நாள் "இல்ல" என்பார். அடுப்படியில் என் அம்மா ஒவ்வொருதடவையும் தூக்கிவாரிப்போட்டு நிற்பாள். ஆடி மாசத்தில் ஒருநாள் அப்பா ஊரில் இல்லை. அம்மாவே கரண்டியோடு வந்து கிணற்றடியில் நின்றாள். கரண்டியைக் கைமாற்றிக்கொண்டாள். "இன்னிக்கு... கீதாடா?" என்றாள்.

"பல்லு வெளக்க உடு அக்கா" என்றார் மாமா. அம்மா உட்கார்ந்து அழுதாள். கொடிக்கயிறு அதற்கப்புறம்தான் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் மாமாதான் ராசா. இடது கையில் கத்தி. ராசா பழையபடியே செத்தான். அதற்கு முன்னால் தடுப்பு எவ்வளவு நேரம் நடந்தது என்றால், விளக்கு வைத்து, விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து, மறுபடி ஊற்றினார்கள். "இப்பதான்யா கூத்து" என்றாள் அதே பொம்பளை, மூக்கைச் சிந்திக்கொண்டு. அந்தக் கதையில் ஊருக்குப் பிடித்தது ராசா சாவது என்றுதான் தலைவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எவ்வளவு நேரம் சாகாமல் நிற்கிறான் என்பதைப் பார்க்கத்தான் அத்தனை ஜனம் வெயிலில் உட்கார்ந்திருந்தது.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பேசுவான்டா. பேசுகிறவரை, கேட்கிறவனுக்கு வேலை இருக்கிறது.

பாப்பா, கீழே இருக்கிற வரியை மூணுதடவை எழுதி மூணுதடவை அடித்துவிட்டேன். லைனில் டீ பிரேக் முடிகிற பெல் அடிக்கிறது, அதனால் இப்போது அடிக்காமல் விடுகிறேன்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு உனக்கு இருக்கிறதா?

இருந்தால், இருக்கிறது என்று சொல். திட்டமாட்டேன். நான் அழுதால் அது என் பாடு, நீ சமாதானப்படுத்த வேண்டாம். லீவு போட்டுவிட்டு உன்னோடு டாக்டரிடம் வருகிறேன். இல்லை என்றால், எங்கே வலிக்கிறது என்றாவது சொல். மார்க்கில்தானா, வேறு எங்கேயாவதா? மத்தவர்கள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடமாக இருந்தாலும் சொல். அங்கேயும் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கும் கேட்பேன், நாளன்றைக்கும் கேட்பேன். நான் கட்டியக்காரன் பிள்ளை.

இனிமேல் இருப்பது வீட்டுக்கு வந்த பிறகு எழுதியது. மத்தியானம். நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தில், அம்மா ரேஷன் கடையில். வீட்டில் நான் மட்டும். ஷிஃப்ட் பையைக் கவிழ்த்தேன். தாழ்ப்பாளில் குழம்பு ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, சத்தமில்லாமல் போய் வரும்வரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இந்த நோட்டை உன் மேஜையில் வைத்து, அதன் மேல் தாழ்ப்பாளை வைத்தேன்.

ஸ்க்ரூ நாலும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்.